ஸ்கோர் புத்தகத்தில் இல்லாத கட்டங்கள்

(தென்னாப்பிரிக்காவின் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் கிரிக்கெட் அணி குறித்து ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கு என்று இரண்டு பேர் என்னிடமே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நான் எங்கள் பக்கத்தில் நடக்கும் டென்னிஸ் பந்துப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். ஸ்கோர் புத்தகத்தில் என்னென்ன கட்டம் உண்டு என்று எனக்குத் தெரியும். பேர், ரன், எப்படி அவுட்டானான், யார் பந்து, எத்தனை ஓவர், எத்தனை விக்கெட். இந்தக் கட்டங்களில் அடங்காத எதையும் புத்தகம் வாங்கிக்கொள்ளாது. செருப்பில்லாமல் வந்தான், சாப்பிடாமல் வந்தான், ஆட்டம் முடிந்ததும் யாரும் அவனோடு உட்காரவில்லை, இதுக்கெல்லாம் கட்டம் கிடையாது. ஒரு நாட்டின் இளையோர் அணியை எடுத்துக்கொண்டு, அதன் ரெக்கார்டு என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கலாம் என்றுதான் வந்திருக்கிறேன். நாடு தென்னாப்பிரிக்கா.

முதலில் ரெக்கார்டைச் சொல்லிவிடுகிறேன். இளையோர் உலகக் கோப்பை முதன்முதலில் 1988இல் ஆஸ்திரேலியாவில் நடந்தது. தென்னாப்பிரிக்கா அதில் இல்லை. பத்து வருஷம் கழித்து இரண்டாவது போட்டி 1998இல் தென்னாப்பிரிக்காவிலேயே நடந்தது, இங்கிலாந்து வென்றது. 2002இல் நியூசிலாந்தில் இறுதி ஆட்டம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் தோல்வி. கேப்டன் ஹாஷிம் ஆம்லா. 2008இல் கோலாலம்பூரில் மறுபடியும் இறுதி ஆட்டம், மழை வந்து கணக்கு மாறி, விராட் கோலியின் இந்திய அணியிடம் 12 ரன்னில் தோல்வி. கேப்டன் வெய்ன் பார்னெல். 2014 மார்ச் 1, துபாய். பாகிஸ்தானை 131 ரன்னுக்கு மடக்கி, ஆறு விக்கெட்டில் வென்று முதன்முறையாகக் கோப்பை. கேப்டன் எய்டன் மார்க்ரம். 2024இல் சொந்த ஊரான பெனோனியில் அரை இறுதியில் இந்தியாவிடம் 2 விக்கெட்டில் தோல்வி.

இதுதான் ரெக்கார்டு. ஒரு நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டேன். பொய் எதுவும் இதில் இல்லை. ஆனால் 1988க்கு எதிரே "இல்லை" என்று ஒரு வார்த்தை சொன்னேன் பாருங்க, அங்கேதான் கதை ஆரம்பிக்குது.

ஏன் இல்லை? 1970இல் இருந்து 1991 வரை தென்னாப்பிரிக்காவைச் சர்வதேச கிரிக்கெட் ஒதுக்கி வைத்திருந்தது. நிறவெறி ஆட்சி. அங்கே மனிதர்களை வெள்ளையர், கறுப்பர், இந்தியர், 'கலர்ட்' எனப்பட்ட கலப்பினத்தார் என்று சட்டம் போட்டுப் பிரித்திருந்தார்கள். யார் எங்கே குடியிருப்பது, யார் எந்தப் பள்ளியில் படிப்பது, யார் யாரோடு விளையாடுவது எல்லாம் அந்தப் பிரிவின்படிதான். கேப் டவுனில் கலர்ட் குடும்பத்தில் பிறந்த பேசில் டி'ஒலிவேரா சொந்த நாட்டுக்கு ஆட வழியில்லாமல் 1960இல் இங்கிலாந்து போனார். அங்கே இங்கிலாந்து அணியில் இடம் பிடித்தார். 1968இல் ஓவல் மைதானத்தில் 158 அடித்தார். அந்த டி'ஒலிவேரா இங்கிலாந்து அணியோடு தென்னாப்பிரிக்காவுக்கு வரக்கூடாது என்று பிரதமர் வோர்ஸ்டர் சொன்னார், பயணமே ரத்தானது. அதன் பிறகுதான் உலகம் கொஞ்சம் விழித்தது.

இந்த ஒதுக்கல் அதற்கும் மிகப் பழையது. 1894இல் தென்னாப்பிரிக்க அணி முதல்முறை இங்கிலாந்து போனது. க்ரோம் ஹென்ட்ரிக்ஸ் என்று கேப் மலாய்ச் சமூகத்து வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார். அவர் வேகத்தைப் பார்த்த இங்கிலாந்து ஆட்டக்காரர்களே மெச்சினார்கள். அவரை எடுக்கவில்லை. அதற்கும் மேலே ஒன்று நடந்தது. மூட்டை முடிச்சு பார்த்துக்கொள்ளும் வேலைக்காரனாக வேண்டுமானால் வரட்டும் என்று ஒரு யோசனை சொன்னார்கள். அவர் முடியாது என்றார். யோசிச்சுப் பாருங்க. பந்து போட ஆள் வேண்டும், ஆனால் அந்த ஆளுக்குப் பேர் வேண்டாம். இந்த ஒரு தந்திரம் நமக்குப் பரிச்சயமானது, விளக்க வேண்டியதில்லை.

அப்போ கறுப்பர்கள் கிரிக்கெட் ஆடவே இல்லையா? ஆடினார்கள். 1991க்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் போய்த்தான் கறுப்பர்களுக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுத்தார்கள் என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடுது. அது பொய். கிழக்குக் கேப் பகுதியில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மிஷன் பள்ளிகளில் படித்த கறுப்பர்கள் கிளப் வைத்து ஆடினார்கள். பிறகும் தங்களுக்கென்று சங்கம், தங்களுக்கென்று போட்டி என்று மோசமான தரையில் ஆடிக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைப் பையன்களுக்கு 1940இல் இருந்து நஃபீல்ட் வாரம் என்று ஒன்று இருந்தது. மாநிலம் மாநிலமாகப் பள்ளிப் பையன்கள் ஒரே இடத்தில் கூடி ஆடுவார்கள், தேர்வுக்குழு உட்கார்ந்து பார்க்கும், நாட்டின் பள்ளி அணி அங்கே உருவாகும். அந்த வாசல் கறுப்புப் பையனுக்கு மூடியிருந்தது. அசாதாரணமான சமூகத்தில் சாதாரணமான விளையாட்டு கிடையாது என்று நிறவெறிக்கு எதிரான விளையாட்டு இயக்கம் முழங்கியது இதனால்தான். அந்த இயக்கத்து மைதானங்களில் ஆடி வளர்ந்த கறுப்பு ஆட்டக்காரர் காயா மஜோலாவின் பேரை அந்தப் பள்ளி வாரத்துக்கே பின்னால் வைத்தார்கள். பேர் மாறியது பெரிய விஷயம்தான். வாசல் எவ்வளவு திறந்தது என்பது வேறு கேள்வி.

1991 ஜூனில் இரண்டு தரப்பு வாரியங்களும் ஒன்றாகின. அடுத்த மாதமே உலக கிரிக்கெட் மறுபடி சேர்த்துக்கொண்டது. நவம்பரில் கல்கத்தாவில் வந்து ஆடினார்கள். ஒதுக்கல் முடிந்தது என்று உலகம் கை தட்டியது. இப்போ இளையோர் அணிக்கு வருவோம்.

கிங் வில்லியம்ஸ் டவுன் பக்கத்தில் ம்டிங்கி என்று ஒரு கிராமம். அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் மகாயா என்டினி. ரேமண்ட் பூயி என்று கறுப்புப் பிள்ளைகளிடையே விளையாட்டை வளர்க்க அமர்த்தப்பட்ட ஒரு அலுவலர் கண்ணில் பட்டான். பையனுக்கு அப்போ பதினைந்து வயசு. காலில் ஒன்றுமில்லை. கான்வாஸ் ஷூ இரவல் கொடுத்துப் பந்து போடச் சொன்னார்கள். பிறகு புது ஷூ ஒன்று வாங்கிக் கொடுத்து, இதைப் போட்டுக்கிட்டு மாடு மேய்க்கப் போகாதே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். டேல் காலேஜ் என்கிற நல்ல பள்ளியில் இடம் வாங்கிக் கொடுத்தார்கள். 1995இல் அந்தப் பையன் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் அணியோடு இங்கிலாந்துக்கு விமானம் ஏறினான். 1998 மார்ச்சில், கேப் டவுனில், தென்னாப்பிரிக்காவுக்கு டெஸ்ட் ஆடிய முதல் கறுப்பு ஆப்பிரிக்கர் ஆனார். 101 டெஸ்ட், 390 விக்கெட். 2005இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரே டெஸ்டில் 132 ரன் கொடுத்து 13 விக்கெட்.

இந்தக் கதையை எல்லாரும் ரசிச்சுச் சொல்வாங்க. மாட்டுக்காரப் பையன் உலகத்தையே ஆட்டி வைத்தான் பார் என்று. நான் வேறொன்றைக் கேட்கிறேன். பூயி அந்தப் பக்கம் வராத கிராமங்கள் எத்தனை? ஒரு அலுவலர் ஒரு சாயங்காலம் எந்தப் பாதையில் நடந்தார் என்பதில் 390 விக்கெட் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், நடக்காத பாதைகளில் என்ன போச்சு என்று எந்தப் புத்தகம் எழுதும்?

அடுத்தது, உள்ளே வந்த பிறகு. 2020 ஜூலையில், உலகம் முழுக்கக் கறுப்பு உயிர்கள் குறித்த இயக்கம் நடந்துகொண்டிருந்த நேரத்தில், என்டினி ஒரு தொலைக்காட்சிப் பேட்டி கொடுத்தார். அணியில் இருந்த காலம் முழுக்கத் தனியாகவே இருந்தேன் என்றார். சாப்பிடப் போகலாம் வா என்று அறைக் கதவை யாரும் தட்டியதில்லை. பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள். அதனால் பையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு ஹோட்டலில் இருந்து மைதானத்துக்கு ஓடியே போவாராம், திரும்பும்போதும் ஓட்டம்தான். உடம்பை எப்படி வைத்திருக்கிறான் பார், எவ்வளவு உழைப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள். அவர் ஓடியது அந்த பஸ்ஸை விட்டு. இதுக்கு என்ன கட்டம் இருக்கு தோழர்களே? அவர் மகன் தாண்டோ 2018 இளையோர் உலகக் கோப்பையில் ஆடினார். அவனுக்கும் இந்த அனுபவம் தொடர்கிறது என்று அப்பாவே அந்தப் பேட்டியில் சொன்னார். இரண்டு தலைமுறை. நடுவில் ஒரு சுதந்திரம்.

இன்னொரு ஜோடியைப் பாருங்க. 2000ஆம் ஆண்டு, இலங்கையில் நடந்த இளையோர் உலகக் கோப்பை. தென்னாப்பிரிக்க அணியில் இரண்டு பையன்கள். ஒருவன் கிரேம் ஸ்மித், அந்தப் போட்டியிலேயே அதிகமாக 348 ரன் அடித்தவன். இன்னொருவன் தாமி சொலெகிலே, விக்கெட் கீப்பர். கேப் டவுன் ஓரத்தில் லங்கா என்று கறுப்பர்களை ஒதுக்கி வைத்த குடியிருப்பு இருக்கிறதே, அங்கே இருந்து வந்தவன். 2003இல், 22 வயதில், ஸ்மித் தேசிய அணிக்குக் கேப்டன். 109 டெஸ்டுகளுக்குத் தலைமை தாங்கினார். ஆட்டத்தில் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. சொலெகிலே 2004இல் மூன்றே மூன்று டெஸ்ட் ஆடினார். அதில் ஒன்று கல்கத்தாவில். அந்த ஒரு ஆட்டத்தில் கேப்டன் ஸ்மித், கீப்பர் சொலெகிலே, பந்துக்கு என்டினி, முதல் டெஸ்ட் ஆட வந்த ஆம்லா, நாலு பேரும் இளையோர் அணியில் இருந்து வந்தவர்கள். கட்டுமானம் சரியாக வேலை செய்கிறது என்று அன்றைக்கு யாரும் நம்பியிருப்பார்கள்.

எட்டு வருஷம் கழித்து, 2012இல், சொலெகிலேவுக்கு வாரியம் ஒப்பந்தம் கொடுத்து அடுத்த கீப்பராக வைத்திருந்தது. இங்கிலாந்துப் பயணத்தில் மார்க் பவுச்சருக்குக் கண்ணில் அடிபட்டு ஆட்டத்தை விட்டே போனார். இடம் காலி. கையுறை ஏ.பி. டிவில்லியர்ஸிடம் போனது. சொலெகிலே வெளியே உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு அவர் ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. 2016இல் ஆட்ட மோசடி வழக்கில் அவருக்குப் பன்னிரண்டு வருஷத் தடை விழுந்தது. அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு, 'பாத்தியா, இவனுங்களே இப்படித்தான்' என்று சொல்கிற வாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களிடம் முந்தின பன்னிரண்டு வருஷத்தையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

இனி, 'திறமை' என்கிற வார்த்தைக்கு வருவோம். தென்னாப்பிரிக்காவில் அணித் தேர்வுக்கு இலக்கு வைத்தார்கள். 2016இல் தேசிய அணிக்கு அறிவித்த கணக்கு இது: ஒரு சீசனின் சராசரியில் பதினொரு பேரில் ஆறு பேர் வெள்ளையர் அல்லாதவராக, அதில் இரண்டு பேராவது கறுப்பு ஆப்பிரிக்கராக இருக்கணும். உடனே என்ன கூச்சல்! தரம் போச்சு, தகுதி செத்தது, அரசியல் உள்ளே வந்துடுச்சு. நூறு வருஷம் முழு அணியும் ஒரே நிறத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தபோது அதுக்குப் பேர் தகுதி. ஆறு இடம் கேட்டால் அதுக்குப் பேர் கோட்டா. இந்த வாதம் உங்களுக்குப் புதுசா என்ன?

பத்தொன்பது வயசுப் போட்டியில் எல்லாப் பையனும் சமம், பந்துக்கு நிறம் தெரியாது என்பார்கள். பத்தொன்பது வயசில் நாம் அளக்கிறது ஒன்பது வயசில் ஊற்றியதைத்தான். எங்கே ஊற்றுகிறார்கள்? பள்ளியில். தென்னாப்பிரிக்க இளையோர் அணியின் வரலாறு என்பது அடிப்படையில் சில பள்ளிகளின் வரலாறு. ஆம்லா படித்தது டர்பன் ஹை ஸ்கூல். பார்னெல் படித்தது போர்ட் எலிசபெத் கிரே ஹை ஸ்கூல். இரண்டும் நிறவெறிக் காலத்தில் வெள்ளைப் பையன்களுக்கானவை. பேரி ரிச்சர்ட்ஸ் படித்தது டர்பன் ஹை ஸ்கூலில், கிரேம் பொல்லாக் படித்தது கிரேயில். கதவு கொஞ்சம் திறந்ததும் உள்ளே போன முதல் தலைமுறையில் ஒருவன் ஆம்லா. அவன்தான் 2012இல் ஓவலில் 311 அடித்து, முச்சதம் கண்ட முதல் தென்னாப்பிரிக்கன் ஆனான். அப்போ குறை ரத்தத்தில் இருந்ததா, கதவில் இருந்ததா?

இதன் மறுபக்கத்தையும் பேசியாகணும். 2014 அரை இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 25 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தவர் ககிசோ ரபாடா. அந்தக் கோப்பைக்கு அவர்தான் வழி போட்டார். அப்பா டாக்டர், அம்மா வக்கீல். படித்தது ஜொஹானஸ்பர்க்கில் செயின்ட் ஸ்டிதியன்ஸ் என்கிற தனியார் பள்ளி. பத்து வருஷம் தாண்டி வாங்க. 2024 இளையோர் உலகக் கோப்பையில் க்வேனா மபாகா 21 விக்கெட் எடுத்துத் தொடர் நாயகன் ஆனார். ஒரே உலகக் கோப்பையில் மூன்று முறை ஐந்தோ அதற்கு மேலோ விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர்தான். 2025 ஜனவரியில், பதினெட்டு வயசில், அந்த நாட்டின் மிக இளைய டெஸ்ட் ஆட்டக்காரரும் ஆனார். அவர் படித்த பள்ளி? அதே செயின்ட் ஸ்டிதியன்ஸ்.

இரண்டு பேரும் எனக்குப் பெருமைதான். ஆனால் கறுப்பு வேகப்பந்துக்காரன் என்றால் ஒரே பள்ளி வாசல் வழியாக வரவேண்டியிருக்கிறது என்றால், நிறத்துக்கு வைத்த பூட்டு கழன்று பணத்துக்கு வைத்த பூட்டு மாட்டியிருக்கிறது என்று அர்த்தம். உதவித்தொகை கொடுத்து ஒரு பையனைக் கறுப்புக் குடியிருப்பில் இருந்து தூக்கிக்கொண்டு வருவது நல்லதுதான். ஆனால் அவன் விட்டுவிட்டு வந்த பள்ளியில் தரை அப்படியே மேடும் பள்ளமுமாகத்தான் கிடக்கும். எண்ணிக்கையைக் கேட்டு நிற்கிற நாம் தரையையும் சேர்த்துக் கேட்கணும் என்பதற்காகத்தான் இதைச் சொல்றேன்.

தரை என்றதும் டெம்பா பவுமா ஞாபகம் வருது. அவரும் லங்கா. சின்ன வயசில் ஆடிய தெருச் சந்திப்பைப் பற்றி அவர் சொல்லியிருக்கிறார். தார் சரியில்லாமல் பந்து கண்டபடி எகிறும் பக்கத்துக்குக் கராச்சி என்று பேர் வைத்திருந்தார்களாம். நல்லா இருந்த பக்கத்துக்கு லார்ட்ஸ். 2025 ஜூனில் அதே பவுமா நிஜமான லார்ட்ஸில் கேப்டனாக நின்றார். உலக டெஸ்ட் சாம்பியன் இறுதி ஆட்டம், எதிரே ஆஸ்திரேலியா. தொடைத் தசை பிடித்துக்கொண்டு நொண்டியபடியே 66 அடித்தார். மறுபக்கம் நின்று 136 அடித்தவர் மார்க்ரம், 2014 இளையோர் அணியின் கேப்டன். ஆட்டத்தில் ஒன்பது விக்கெட் ரபாடாவுக்கு, அவரும் அதே 2014 பையன். 1998க்குப் பிறகு, 27 வருஷம் கழித்து, அந்த நாட்டு ஆண்கள் அணி பெரிய கோப்பை ஒன்றைத் தொட்டது. தகுதி செத்துப்போகும் என்றார்களே, அவர்கள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை.

பெண் பிள்ளைகளைச் சொல்லாமல் போகமாட்டேன். பெண்களுக்கான இளையோர் உலகக் கோப்பையே 2023இல்தான் பிறந்தது, தென்னாப்பிரிக்காவில். ஆண்களுக்கு 1988, பெண்களுக்கு 2023. 35 வருஷ இடைவெளி. 2025இல் கய்லா ரெய்னிக் தலைமையில் தென்னாப்பிரிக்கப் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்து, கோலாலம்பூரில் 82 ரன்னுக்குள் சுருண்டு இந்தியாவிடம் தோற்றார்கள். 82 என்ற எண்ணை மட்டும் பார்த்துச் சிரிக்காதீங்க. 35 வருஷத்தையும் பக்கத்தில் எழுதிவிட்டுச் சிரிங்க.

முடிக்கப் போறேன். 2021இல் தென்னாப்பிரிக்க வாரியம் ஒரு விசாரணை வைத்தது. டுமிசா என்ட்செபேசா என்ற வழக்கறிஞர் தலைமையில், கிரிக்கெட்டில் நடந்த பாகுபாட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் வந்து சொல்லலாம் என்று. பல வருஷம் வாய் மூடியிருந்தவர்கள் வந்து பேசினார்கள். சொலெகிலேவும் பேசினார். அறிக்கை சில பெரிய பெயர்களைக் குறை சொன்னது. 2022இல் ஸ்மித் மீதான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்று நடுவர் தீர்ப்பு வந்தது, பவுச்சர் மீதானதை வாரியமே திரும்பப் பெற்றது. அதையும் மறைக்காமல் சொல்லணும். தனி ஆளைத் தூக்கில் போடுவது நமக்கு முக்கியமில்லை. முக்கியம் என்னவென்றால், ஸ்கோர் புத்தகத்தில் கட்டம் இல்லாத விஷயங்கள் முதன்முறையாக எழுத்தில் ஏறின. பஸ்ஸில் காலியாக இருந்த பக்கத்து இருக்கை, தட்டப்படாத கதவு, கொடுக்கப்படாத கையுறை, எல்லாம் இப்போது பதிவு. யாரும் இனி அழிக்க முடியாது.

ஆகவே வாசலில் நிற்கிற பிள்ளைகளே, உங்களுக்குத்தான் சொல்றேன். எந்த நாட்டு இளையோர் அணியின் பட்டியலைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேளுங்க. இந்தப் பையன் எந்தப் பள்ளி? அந்தப் பள்ளி வாசலில் யாரை நிறுத்தினார்கள்? இந்த அணியில் இருந்து பத்து வருஷத்தில் யார் மேலே போனான், யார் காணாமல் போனான்? பதில் தெரிந்ததும் ஸ்கோர் புத்தகத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பேனாவால் எழுதி வையுங்க. நான் எங்க ஊர் ஆட்டங்களுக்கு அப்படித்தான் எழுத ஆரம்பிச்சிருக்கேன்.